வேன் அக்காவின் பதினொன்று

வாத்தியாருக்கு இங்கிலீஷில் பிடிக்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான்: அதை மற்றவர்கள் பேசுவது. கடல் கடந்து பிழைக்க வந்த நம் ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில், நூலகத்தின் இரண்டாம் மாடியில், இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவர் இப்படி இருக்கலாமா என்றால், இருந்தார். எதிரே ஒருவர் வாயைத் திறந்தால் போதும், இவர் முகம் பல்வலிக்காரர் முகம் மாதிரி கோணிக்கொள்ளும். ஆனாலும் ஏழு வருஷத்தில் ஒரு வாரம்கூட வகுப்பை விட்டதில்லை.

முகம் கோணாமல் என்ன செய்வது? வந்து சேர்ந்தவர்கள் அப்படி. பெயிண்டர் ஒருவர், தன் முதலாளியிடம் "டோன்ட் ஈட் மை ஹெட்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் முதலாளி தள்ளி உட்காருகிறார் என்று வகுப்பில் வந்து குறைப்பட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த பெண்ணோ, வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் நோயாளிகளிடம் "ஐ ஆம் கமிங்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். "போயிட்டு வரேன்"தான், வேறென்ன. ஒரு கிழவர் அவளை நம்பி அரை மணி நேரம் டீயைத் தொடாமல் காத்திருந்தாராம்.

இவர்கள் நடுவில்தான் வேன் அக்கா வந்து சேர்ந்தார். ஊரில் பதினொரு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். இங்கே பஸ் டிப்போவில் பஸ் கழுவிக்கொண்டிருந்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் பீய்ச்சியடிக்கிற குழாய், ஒரு நாளைக்கு முப்பது பஸ். கழுவி முடித்த பஸ்ஸின் டிரைவர் சீட்டைத் துடைக்கும்போது மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வாராம். அதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

டிப்போவில் டிரைவர் வேலைக்கு மனுப் போட்டிருந்தார். ஓட்டிக் காட்டும் பரீட்சையில் முதல் தடவையே பாஸ். பெரிய பஸ்ஸைப் பின்பக்கமாக எடுத்து இரண்டு தூணுக்கு நடுவே அலுங்காமல் நிறுத்தியதைப் பார்த்து மற்ற டிரைவர்கள் கைதட்டினார்கள். பிறகு இங்கிலீஷில் நேர்முகப் பேச்சு. அதில் ஃபெயில். மூன்று தடவைதான் உட்கார விடுவார்கள். மூன்றாவதும் போனால் அப்புறம் ஆயுசுக்கும் குழாய்தான்.

முதல் தடவை தோற்ற பிறகுதான் வகுப்பில் சேர்ந்தார். வாத்தியார் விசாரிக்கவேயில்லை. அக்கா பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர். அங்கேயும் வளவளவென்று பேசிக் கெடுத்திருப்பார் என்று தானே முடிவு கட்டிவிட்டார்.

"கேள்வி கேட்டா ஒரே வார்த்தை. யெஸ், இல்ல நோ. நம்பர் கேட்டா நம்பர். அதுக்கு மேல வாயைத் திறக்கவே கூடாது, புரிஞ்சுதா?"

அக்கா நோட்டில் அதை எழுதி இரண்டு கோடும் போட்டுக்கொண்டார். இரண்டாம் தடவை போனார். ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். மறுபடியும் ஃபெயில். பாதுகாப்புக் காரணங்களால் தகுதியில்லை என்று கடிதம் வந்தது.

வாத்தியாருக்குத் தன்மானம் சுட்டது. "அந்த அதிகாரி என்ன கேட்டார், நீங்க என்ன சொன்னீங்க, ஒண்ணு விடாம அப்படியே சொல்லுங்க" என்றார்.

"சுலபமான கேள்விதான் சார். 'நோ ஆக்சிடென்ட்ஸ்?'னு கேட்டார். 'யெஸ் சார்'னேன்."

வாத்தியாரின் கையிலிருந்த சாக்பீஸ் நின்றது. "அப்புறம்?"

"'ஹௌ மெனி?'ன்னார். எத்தனை வருஷமா ஆக்சிடென்டே இல்லன்னு கேக்கிறார்போலன்னு, 'லெவன் சார்'னேன். நல்லா சிரிச்ச முகமாத்தான் சொன்னேன்."

"முதல் தடவையுமா?"

"முதல் தடவையும் அதேதான். இந்தத் தடவை ஃபைலைப் பாத்துட்டு 'ஸ்டில் லெவன்?'னார். 'யெஸ் சார்'னேன்."

பெயிண்டர் மேஜையில் கவிழ்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிப் பெண் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். அக்கா மட்டும் எல்லார் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். வாத்தியார் விளக்கினார். நம் பேச்சில் "இல்லல்ல?" என்று கேட்டால் "ஆமா" என்போம்; நீங்கள் சொல்வது சரி, இல்லை என்று பொருள். இங்கிலீஷ்காரர்கள் வழக்கம் வேறு. கேள்வி எப்படி வந்தாலும், இல்லாததற்கு "நோ"தான். "யெஸ்" என்றால் இருக்கிறது என்று ஆகிவிடும்.

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப நான் பதினோரு தடவை மோதியிருக்கேன்னு நினைச்சிட்டாரா? அதை வேற பல்லைக் காட்டிக்கிட்டு சொல்லியிருக்கேன். அப்படியும் உக்கார வெச்சுத் தண்ணி குடுத்தார் பாருங்க, தங்கமான மனுஷன்."

இப்போது அக்காவும் சிரித்தார். வாத்தியாருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அடுத்து அக்கா சொன்னது அவரை அப்படியே உட்கார வைத்தது. "ஸ்கூல் வேன் கதையைச் சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு சார். நீங்க ஒரே வார்த்தைன்னு சொல்லியிருந்தீங்களா, அப்படியே முழுங்கிட்டேன்."

தான் அக்காவின் வாயைக் கட்டாமல் விட்டிருந்தால் இந்தப் பெண் அன்றைக்கே பாஸ் ஆகியிருப்பார் என்று வாத்தியாருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஏழு வருஷத்தில் முதல் முறையாக வகுப்பில், "தப்பு என் மேல" என்றார்.

"விடுங்க சார். முதல் தடவை உங்களைக் கேக்காமலேதானே ஃபெயில் ஆனேன்" என்றார் அக்கா.

அதற்கப்புறம் வகுப்பே அக்காவைப் பிடித்துக்கொண்டது. ஆளுக்கு ஆள் "நீங்க டீ குடிக்கலையா?", "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று இங்கிலீஷில் கேட்டுக் குடைந்தார்கள். பழகப் பழகத் தேறும் என்று பார்த்தால், பழகப் பழகக் குழம்பியது. வீட்டில் வீட்டுக்காரர் "நீ சாப்பிடலையா?" என்று கேட்டதற்கு அக்கா யோசித்து யோசித்துப் பதில் சொல்வதற்குள் அவர் சாப்பிட்டுக் கையே கழுவிவிட்டாராம்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் நோட்டை வாங்கி, இரண்டு கோடு போட்டிருந்த அந்த வரியைத் தானே அடித்தார். "யெஸ்ஸும் வேண்டாம், நோவும் வேண்டாம். தலையைக்கூட ஆட்டாதீங்க. நடந்ததைச் சொல்லுங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி."

"கிராமர் தப்பா வருமே சார்."

"வரட்டும்" என்றார் வாத்தியார். சொல்லும்போது பல்வலி லேசாக வந்து போனது.

மூன்றாம் தடவைக்கு வாத்தியாரும் கூடவே போனார். டிப்போ அலுவலகத்தில் புழுக்கம். அறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தால் உள்ளே பேசுவது அத்தனையும் கேட்டது.

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். இந்த ஃபைலை அவர் மறந்திருக்க வழியில்லை. கொஞ்சம் தயங்கி, அதே கேள்வியைக் கேட்டார். "நோ ஆக்சிடென்ட்ஸ்?"

வாத்தியார் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"லெவன் இயர்ஸ், சார்" என்றது அக்காவின் குரல். "ஸ்கூல் வேன். ஆக்சிடென்ட் ஜீரோ."

நாற்காலி கிறீச்சிடும் சத்தம். "ஜீரோவா? லெவன் இயர்ஸா?" என்று அதிகாரி இங்கிலீஷில் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, பதினொரு வருஷம் அது எப்படி முடிந்தது என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

அக்கா சொன்னார். வேனில் பதினாலு பிள்ளைகள். பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டால் எண்ணுவார், எண்ணிக்கை சரியாக வந்தால்தான் வண்டியை எடுப்பார். ஒரு நாள் பதின்மூன்றுதான் வந்தது. வாத்தியார் பழக்க தோஷத்தில் தப்புகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தார். ஏழு, எட்டு, ஒன்பது.

"பிஹைண்ட், ஆல் கார்ஸ் ஹார்ன், ஹார்ன், ஹார்ன். ஒன் மேன் கம், ஷவுட்டிங். ஐ நோட் மூவ். ஐ ஆஃப் தி இன்ஜின். ஐ கெட் டவுன், சீ தி அண்டர். ஸ்மால் கேர்ள், சார். சிட்டிங் நியர் பேக் வீல். பென்சில் ஃபால், ஷீ டேக்கிங்." அக்கா கொஞ்சம் நிறுத்தினார். "ஐ மூவ், ஷீ ஃபினிஷ்."

வாத்தியாரின் விரல்கள் எப்போது நின்றன என்று அவருக்கே தெரியாது. வெளியே முற்றத்தில் யாரோ பஸ் மேல் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பேனா மூடியைத் திறக்கும் சத்தம் வந்தது. எழுதிக்கொண்டே அதிகாரி விளையாட்டாக ஒன்று கேட்டார். "சோ, யூ டோன்ட் வாண்ட் டு வாஷ் பஸ்ஸஸ் எனி மோர்?"

மறுபடியும் வேண்டாம் என்பதையே கேள்வியாக்கிக் கேட்கிற இந்த மனுஷன் நன்றாக இருப்பானா என்று வாத்தியார் மனதுக்குள் திட்டினார்.

அக்கா அவசரப்படவில்லை.

"ஐ வாண்ட் டிரைவ், சார்" என்றார்.

நடுவில் ஒரு "டு" வேண்டும். வெளியே பெஞ்சில் வாத்தியார் அது இல்லாமலே அந்த வாக்கியத்தைத் தன் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.