ரவைக்கூட்டில் திருநீறு

ஊரில் துவக்கைக் கண்டால் வேலி பாய்ந்து ஓடிய மனிதர் ஸ்ரீஸ்கந்தராசா. விதியைப் பாருங்கள், ஒஸ்லோவில் அவர் பெயரிலேயே ஒரு துவக்கு! மகள் மயூராவுக்குப் பனிச்சறுக்கி ஓடி, இடையிடையே குறிபார்த்துச் சுடும் பந்தயத்தில் பைத்தியம். பதினெட்டு ஆகும்வரை துவக்கு தகப்பன் பொறுப்பு.

வடகோடி பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டி, பிறகு இங்கே பஸ் ஓட்டியே காலம் போன மனிதர். மகளோடு கதைக்க அவருக்குக் கிடைத்த ஒரே விசயம், துவக்குக் குண்டுகளை அடைக்கும் ரவைக்கூடு. அதை நிரப்புவதைக் கோவில் திருப்பணி போலச் செய்தார். வாய் வளைந்த கூடு, உள்ளே சுருள்வில் தளர்ந்த கூடு, ஒருமுறை சிக்கிய கூடு எல்லாம் பயிற்சிக்குத்தான். பந்தயத்துக்குத் தொடவே மாட்டார். ரவையைத் துடைத்து, விளிம்பு ஒன்றில் ஒன்று கொளுவாமல் இறக்கி, விரலால் அழுத்தி, வில் திரும்பி எழும்புகிறதா என்று பார்ப்பார். ஒரு துளி எண்ணெய் படவிடமாட்டார். குளிரில் இறுகிவிடுமாம்.

இப்பேர்ப்பட்ட மனிதர்தான் அன்று அந்த வேலை பார்த்தார்.

அன்றைய பந்தயத்தில் முன்னுக்கு வந்தால் மயூராவுக்குத் தேசியப் போட்டியில் இடம். அவள் விடியவே விளையாட்டுக் கழகத்து பஸ்ஸில் போய்விட்டாள். துவக்கையும் கூடுகளையும் காரில் கொண்டுபோவது அவர் வேலை. பந்தய நாளில் அவள் நெற்றியில் திருநீறு பூசாமல் அவர் விட்டதே இல்லை. இன்றைக்கு நெற்றி போய்விட்டது. ஹவுகெட்டோ வீட்டுச் சாமிப்படத்தின் முன், நிரப்பிய நான்கு கூடுகள் கிடந்தன. மனம் கேட்கவில்லை. திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து ஒவ்வொரு கூட்டின் வாயிலும் தொட்டு வைத்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! எண்ணெயை விடாதவர் சாமியின் சாம்பலை விட்டார்.

பந்தயத்துக்கு முன் வேறு கூடுகளால் குறி சரிபார்த்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது.

முதல் சுற்று ஓடி வந்து மயூரா சுடப் படுத்தாள். பக்கத்துப் பிள்ளைகளின் வெடி கேட்டது, இவளுடையது கேட்கவில்லை. குளிரில் உறைந்த திருநீறு முதல் ரவையைக் கூட்டோடு பிடித்துக்கொண்டது. இழுத்தாள், தள்ளினாள், கூட்டைக் கழற்றித் தட்டினாள். பார்வையாளர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற அப்பனுக்கு உடனே விளங்கிவிட்டது. ஐயோ, மற்ற மூன்றிலும் அதே! பயிற்சியாளரிடம் ஓடிப்போய்ச் சொன்னார். பிள்ளையின் துவக்கை வேறு ஆள் தொட்டால் அவளை நீக்கிவிடுவார்கள் என்று அவரும் கையை விரித்தார். கூட்டின் வாயைத் துடைக்கச் சொல்லி இருவரும் கத்தினார்கள். கல்லாய் இறுகியதை எப்படித் துடைப்பது? ஒவ்வொரு சுற்றிலும் அவள் நகத்தால் சுரண்டிச் சுரண்டியே சுட்டாள். மற்றவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். அவர் நின்று பார்த்தார். வேறு என்ன செய்வார் பாவம்.

எல்லாருக்கும் பின்னால் வந்து சேர்ந்தாள். நகத்துக்குள் வெள்ளையாய் இருந்ததை மணந்து பார்த்தாள். கத்தியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் அவருடைய கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னாள்:

“அப்பா, இனி கூடெல்லாம் நானே நிரப்பிறன்.”

“ஓம் பிள்ளை,” என்றார்.

ஹவுகெட்டோ வரைக்கும் காரில் இருவருக்கும் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை.