சிப்புளு

நெடுந்தீவுக்கு நான் முதல்முறை போன படகின் முன்தலையில் அந்த மனிதர் நின்றார். ஒல்லி உடம்பு, மடித்துக் கட்டிய சாரம், அடர்ந்த நரைமீசை. அலை தெறிக்கும்போதெல்லாம் மீசையிலிருந்த உப்பை நக்கிப் பார்த்து, கறிக்கு உப்புப் பார்ப்பவர்போலத் தலையாட்டிக்கொள்வார்.

திடீரென்று "சிப்புளு" என்று கத்தினார். எல்லாரும் மடியில் விரித்திருந்த படங்கை, அந்த நீலத் தார்ப்பாயை, தலைக்கு மேலே தூக்கினார்கள். நான் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அலை முழுவதும் என்மேல் விழுந்தது. பக்கத்து அக்காவின் மடியிலிருந்த பிறந்தநாள் கேக் பெட்டியிலும் ஒரு மூலை நனைந்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் இன்னொருமுறை நனைந்தேன்.

"அண்ணை, அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?"

"கருத்தோ? அது எனக்கும் தெரியாது தம்பி. நான் சொன்னால் சனம் படங்கைத் தூக்கும். நீர்தான் தூக்கேல்லை."

அடுத்த சிப்புளுவுக்கு எல்லாருக்கும் முந்தி நான்தான் தூக்கினேன். கேக் தப்பியது.

திரும்பும்போது வேறு படகு, அவர் இல்லை. முன்தலையில் நின்றவர் போனில் கதைத்துக்கொண்டிருந்தார். பெரிய அலையொன்று வருவதை நான்தான் கண்டேன்.

"சிப்புளு!"

முன்பின் தெரியாத அத்தனை பேரும் படங்கைத் தூக்கினார்கள். மேலே தண்ணீர் தடதடவென்று கொட்ட, உள்ளே நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார். "தம்பி நெடுந்தீவோ?"

என் மீசையிலிருந்த உப்பை நக்கிப் பார்த்துவிட்டு, "ஓம்" என்றேன்.