சூடான காற்றின் கணக்கு

கீழப்பாவூரில் எங்கள் அரிசி ஆலையின் பின்சுவரை ஒட்டி ஒரு பழைய காற்றாடி கிடக்கிறது. துருப்பிடித்த அந்தச் சனியனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அண்ணன் மீது வரும் கோபம் இன்னும் அடங்கவில்லை.

அவித்த நெல்லைக் களத்தில்தான் காயப்போடுவோம். குற்றாலச் சாரல் இந்தப் பக்கம் அடித்தால் வெயிலை மறந்துவிட வேண்டியதுதான். அதற்காகத்தான் அடுப்பில் சுட்ட காற்றை இழுத்து நெல்லை உலர்த்தும் எந்திரத்தை அண்ணன் வாங்கினார். அதற்கு மணிக்குப் பன்னிரண்டாயிரம் கிலோ காற்று வேண்டும். தென்காசிக் கடையிலோ காற்றாடியைக் கன மீட்டர் கணக்கில்தான் விற்றார்கள். ஒரு கன மீட்டர் காற்று 1.2 கிலோ என்று யாரோ சொன்னதை வைத்து வகுத்து, பத்தாயிரம் போதும் என்றார் அண்ணன். எந்திரவியல் படித்த மைனி, அதாவது அவர் மனைவி, குறுக்கிட்டாள்.

“காத்தாடி அடுப்புக்கு அந்தப் பக்கம்லா இருக்கு? நூறு டிகிரி காத்தைல்லா அது இழுக்கும். சூடானா காத்து விரியும், அதே எடைக்கு இடம் ஜாஸ்தி வேணும். அந்தச் சூட்டுல ஒரு கன மீட்டர் 0.95 கிலோதான், அதால வகுங்க. பன்னெண்டாயிரத்து அறுநூறுக்கு மேல வருது.”

“ஏட்டி, காத்துக்குத் தராசு பிடிக்க வந்துட்டியா?” என்றார் அண்ணன். வேலையாட்கள் சிரித்தார்கள். சின்னக் காற்றாடியே வந்தது.

மைனியின் அப்பா கடையத்தில் விவசாயி. உரமோ, கிணற்று மோட்டாரோ, எதற்கும் மகளுக்குத்தான் போன் போடுவார். “எம் மக சொன்னா தப்பாது” என்பது அவருடைய பெருமை. அந்தச் சாரலில் அவர் வீட்டு வருஷச் சாப்பாட்டு நெல்லும் எங்கள் எந்திரத்தில்தான் இருந்தது. காற்று போதாமல் ஈரம் நின்று, நெல் புளித்து நாறியது. அவர் வந்து ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தார்.

“உங்க மக போட்ட கணக்குதான், மாமா” என்றார் அண்ணன், கொஞ்சமும் கூசாமல்.

நான் வாயைத் திறப்பதற்குள் மைனி என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டாள். ஆட்கள் முன்னால் வேண்டாமாம். “சாரல் விடட்டும், நேர்ல போயி அப்பாட்ட சொல்லுதேன்” என்றாள். அதன்பிறகு கடையத்துப் போன் அண்ணனுக்குத்தான் வந்தது. சாரல் விடுவதற்குள் மாமா மாரடைப்பில் போய்விட்டார்.

இப்போது ஆலையில் பெரிய காற்றாடி ஓடுகிறது. “சூடான காத்துக்கு இடம் ஜாஸ்தி வேணும்லா” என்று வருகிறவர்களுக்கெல்லாம் அண்ணன் விளக்குகிறார். போன மாதம் பழையதை எடைக்குப் போட ஆள் கூட்டி வந்தார். மைனி குறுக்கே போய் நின்றாள்.

“அது எங்கப்பா வந்து பாக்க வேண்டியது. அங்கனயே கெடக்கட்டும்.”

அண்ணன் ஆளைத் திருப்பி அனுப்பினார்.