நரி உரசிய கால்

எங்கள் பட்டாசுக் கம்பெனியில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். செருப்பு ஆணி தரையில் உரசி ஒரு பொறி கிளம்பினால் போதும், அப்புறம் வாசலில் கிடக்கும் செருப்புகள்தான் மிஞ்சும். லோடு ஏற்றிவிடுவது என் வேலை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, ஷெட்டுக்கும் குடோனுக்கும் நடுவே அதட்டிக்கொண்டு திரிவேன். யாரும் பயப்பட மாட்டார்கள்.

அன்று மத்தியானம் காலிப் பெட்டிகள் அடுக்கிய இடத்தில் நின்றிருந்தேன். கருவேலங்காட்டுப் பக்கமிருந்து ஒரு நரி வந்தது. நரி எங்களுக்குப் புதிதில்லை. ஆமத்தூர் சாலையில் இருட்டியபின் பைக் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறேன். ஆளைக் கண்டதும் ஓடிவிடும். இது ஓடவில்லை. குடித்தவனைப் போலத் தள்ளாடி நேரே என்னிடம் வந்தது. நான் வீரமாக "ஏய்" என்று கத்தியபடி மல்லாக்கப் பெட்டிகளின் மேல் விழுந்தேன். என் காலை உரசிக்கொண்டு அது மறுபக்கம் போய் மறைந்தது. எழுந்து பார்த்தால் கெண்டைக்காலில் இரண்டு கீறல்கள், லேசாக ரத்தம். நரியின் பல்லா, நகமா, பெட்டி தைத்த கம்பியா? கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுந்தவனுக்கு என்ன தெரியும்.

வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டும் பெண்கள் ஓடி வந்தார்கள்.

"நரி மொகத்துல முழிச்சாலே யோகம்பாக. அண்ணாச்சியத் தொட்டுட்டே போயிருக்கு!"

"இனி அண்ணாச்சியப் பிடிக்க முடியாதுடி!"

அவர்களில் மூத்த பெண் பசைச் சட்டியோடு வந்தார். "சும்மா இருங்கடி. அண்ணாச்சி, கால நீட்டுங்க." எங்கள் ஊரில் கை கிழிந்தாலும் கால் கிழிந்தாலும் குழாய் ஒட்டும் பசைதான் முதல் வைத்தியம். "மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுன பசை. கரையானே அண்டாது, விசம் அண்டிருமாக்கும்?" என்று அப்பி, மேலே பழுப்புக் காகிதத்தை இறுக்கிச் சுற்றிவிட்டார்.

"திரி ஒண்ணுதான் பாக்கி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல ஜோக் சொன்ன பெருமையில் சாயங்காலம் வரை லோடு பார்த்தேன்.

வீட்டில் அதே ஜோக்கை என் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"பட்டப்பகல்ல ஆளுகிட்ட வந்துச்சா? தள்ளாடுச்சா?"

"ஆமா. என்னைய மாதிரியே."

"வண்டியில ஏறுங்க." ஸ்கூட்டரை அவளே ஓட்டினாள். காகிதக் காலை நீட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனேன்.

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் காகிதத்தைப் பிரித்ததும் முகம் சுளித்தார். "இது எந்த ஊரு மருந்து?"

"குழாய் செக்சன் மருந்து சிஸ்டர்."

"கடிச்சுச்சா?"

"தெரியல. கம்பி கிழிச்சதாக்கூட இருக்கும்."

"தெரியலன்னா கடிச்சதாத்தான் எடுத்துக்கணும். குழாயடிக்கு வாங்க."

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வைத்தார். பசை உரிய உரியத் திட்டும் விழுந்தது. "இத அங்கனயே, அப்பவே செஞ்சிருக்கணும். பசை, மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. படிச்சவுக மாதிரி இருக்கீக!"

'மாதிரி'யை ரசித்தேன். அதோடு என் சிரிப்பு நின்றது.

டாக்டர் கீறலைச் சுற்றியே ஒரு மருந்தை ஏற்றினார். அந்த வலியில் நரியையே கூப்பிட்டுக் கடிக்கச் சொல்லலாம் போலிருந்தது. கையிலும் ஓர் ஊசி. "வீட்டு நாய்னா கட்டிப்போட்டு, அதுக்கு என்ன ஆகுதுன்னு பாக்கலாம். நரிய எங்க போய்த் தேடுறது? சொல்ற தேதிக்கெல்லாம் வந்துருங்க, ஒரு ஊசியும் விடக் கூடாது."

"மத்தியானமே வரல... பரவாயில்லையா டாக்டர்?"

"இப்பவாவது வந்தீங்கள்ல. வெறிநோய் வெளிய தெரிய ஆரம்பிச்சா யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது."

பசைக்கு அடியில் போன அந்த மத்தியானத்தை நினைத்தபடியே வீடு வந்தேன்.

மறுநாள் காலை என் மனைவி ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். காப்பி அப்புறம்தானாம். நான் குடித்து முடிக்கும் வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரைக் கண்டு பயந்தால் அதுதான் அடையாளம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இருக்கன்குடி அம்மனுக்கும் நேர்ந்துகொண்டாள். நானும் கம்பெனியில் யாரும் பார்க்காதபோது குழாயைத் திறந்து வைத்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கால் லேசாக அரித்தாலும் மறைவாகப் போய்க் கீறலைத் தடவிப் பார்ப்பேன். ஆனால் சிரித்துத் திரிகிறவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

கடைசி ஊசிக்கு முந்தைய காலை. அவள் சொம்பை நீட்டியதும் கழுத்தை வெடுக்கென்று திருப்பி, "ஐயோ, தண்ணி!" என்று சுவரோரம் ஒண்டினேன். பிரமாதமாக நடித்துவிட்டேன் போலிருக்கிறது. சொம்பு அவள் கையிலிருந்து விழுந்து உருண்டது. அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"விளையாட்டுத்தான்..." என்றேன்.

"கண்ண மூடுனா எனக்கு அந்த நரிதான் வருது. உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?"

எனக்கும் அதுதான் வந்துகொண்டிருந்தது. சொம்பை எடுத்து நானே நிரப்பி, அவள் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு மடக்காகக் குடித்தேன். அழுகைக்கு நடுவிலும் அவள் கண் என் தொண்டையை விடவில்லை.

"இன்னொண்ணு" என்றாள்.

குடித்தேன்.

ஊசிகள் எல்லாம் முடிந்துவிட்டன. "இனிப் பயமில்ல" என்று டாக்டரும் சொல்லிவிட்டார். பல்லா, கம்பியா என்று இன்றுவரை தெரியாது. சொம்பு மட்டும் தினமும் காலையில் வருகிறது. நானும் ஜோக் எதுவும் சொல்லாமல் வாங்கிக் குடிக்கிறேன்.