வெர்லன் ஸ்டீகால் ஆறாவது முறை பாடியபோது

என் அக்கா புருஷன் வெர்லன் ஸ்டீகால் வாரம் முழுக்க போமாண்ட் நகரில் லாரி டயர் மாற்றுவார். சனிக்கிழமையானால் ஊருக்கு வெளியே பீர்க்கடையில் பாடுவார். பேச்சு அவருக்கு வராது. உப்பு வேண்டுமென்றால்கூடக் கண்ணால்தான் கேட்பார். உப்புப் புட்டியில் நான் சர்க்கரை நிரப்பி வைத்த நாளிலும் ஒரு வார்த்தை திட்டாமல் முட்டையைத் தின்று முடித்தார். ஆனால் பாட வாயெடுத்தால் எண்ணெய் ஆலைக்காரர்கள் பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு ஆட வந்துவிடுவார்கள்.

1954 ஆகஸ்டில் ரெக்கார்டு கம்பெனிக்காரர் ஹாஸ்கெட் பாடக் கூப்பிட்டார்; அக்காவும் நானும் கூடப் போனோம். அவர் வீட்டு முன்னறைதான் ஸ்டுடியோ. எதிரொலிக்காமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை, நடுவில் ஒரே மைக். மூன்று மணி நேரத்துக்குள் பாட்டு சரியாக வராவிட்டால் அவ்வளவுதான். நாற்பதை நெருங்கும் டயர்க்காரரை இனி யாரும் கூப்பிடப்போவதில்லை. அது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

டிரம் கிடையாது. கிட்டார் கம்பிகளுக்கு நடுவே தீப்பெட்டி அட்டையைச் செருகி வாத்தியக்காரர்கள் தாளம் தட்டினார்கள். ஸ்டீல் கிட்டார் அழத் தொடங்கியது. வெர்லன் மைக்கைப் பார்த்தார். பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. வாத்தியங்கள் மூச்சிரைக்கப் பின்னால் போயின.

"வெர்லன், பின்னால நாய் துரத்துதாய்யா?" என்றார் ஹாஸ்கெட்.

ஐந்து முறையும் இதேதான். மிச்சம் இருபது நிமிஷம்.

"முடியலங்க," என்றார் வெர்லன். "யார் காலப் பாத்துப் பாடுறது?"

பத்து வருஷமாக மனிதர் தாளத்தை ஆடுகிறவர்களின் காலிலிருந்துதான் எடுத்திருக்கிறார்!

அக்கா ஓலீட்டா பூட்ஸைக் கழற்றினாள். "ஏ லவோன், வாடி. ஆட்டத்துல நீதான் ஆம்பள."

"எப்பவும் நான்தானா?"

"வாய மூடிட்டு வா. மைக்குக்குக் கேக்கும்."

காலுறையோடு மரத்தரையில் ஆடினோம். வேண்டுமென்றே அவள் காலை மிதித்தேன். சிரிப்பு வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வெர்லன் எங்கள் பாதங்களையே பார்த்துக்கொண்டு பாடினார். வீட்டைவிட்டுப் போன பெண்ணைப் பற்றிய பாட்டு. ஒரு குளிர்காலம் முழுக்க அக்கா அவரை விட்டு எங்கள் அம்மா வீட்டில் இருந்தபோது அவர் எழுதியது. ஒவ்வொரு சொல்லும் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. அக்கா தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். எனக்கு அடுத்த குறும்பு தோன்றவே இல்லை. இந்தக் குரலா எங்கள் வீட்டில் உப்புக் கேட்கக் கூச்சப்படுகிறது?

பாட்டு முடிந்தது. டேப் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவ பாடலாம்னு நான் சொன்னா என்னைச் சுட்டுடுங்க," என்றார் ஹாஸ்கெட், மெதுவாக.

அக்டோபரில் ரெக்கார்டு வெளிவந்தது. பீர்க்கடை ஜூக்பாக்ஸில் அதைப் போட்ட அன்று சாயங்காலம் நாங்கள் மூவரும் போய் மூலையில் உட்கார்ந்தோம். ஒரு லாரி டிரைவர் காசு போட்டு வெர்லனின் பாட்டை அழுத்தினார். ஒருத்தர்கூட ஆட எழுந்திருக்கவில்லை. எங்கள் வட்டாரத்தில் ஒரு பாட்டுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது.

வெர்லன் தொப்பியை எடுத்தார். "போலாம் ஓலீட்டா."

"உக்காருய்யா. அவங்க மூஞ்சியப் பாரு."

பில்லியர்ட்ஸ் ஆடியவர்கள் கோலை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார்கள். கடைக்காரம்மா பீர்க் குழாயை மூடியிருந்தாள். பாட்டு முடிந்தது. அந்த டிரைவர் கண்ணைப் புறங்கையால் துடைத்தார். பாக்கெட்டைத் துழாவி இன்னொரு காசு எடுத்து, அதே பொத்தானை அழுத்தினார்.