டோக்கன் அக்காவின் இருபது நிமிஷம்

மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் சேர்ந்த முதல் நாள், என்னிடம் முதலில் பேசிய ஆள் டோக்கன் அக்காதான். "தம்பி, காலை எடுங்க. வயரை மிதிச்சுக்கிட்டு நிக்கிறீங்க" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த வரவேற்பு.

புறநோயாளிகள் கூடத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். பெயர், வயது, எந்த டாக்டர் என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் அடித்து, டோக்கன் சீட்டைக் கிழித்துக் கொடுப்பது அவர் வேலை. ஒன்பது வருஷமாக அதே நாற்காலி. பத்தாவது வரை படித்தவர். மகள் அதே மருத்துவமனையின் நர்சிங் கல்லூரியில், ஊழியர் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு வேலை இருக்கும் வரைதான் மகளுக்கு அந்த இடம்.

அக்காவிடம் ஒரு பழக்கம். நீள நோட்டு ஒன்றில் அன்றாடம் நடப்பதையெல்லாம் எழுதி வைப்பார். கம்ப்யூட்டரைப் போட்ட நேரம், அது தயாரான நேரம், பிரிண்டரில் பேப்பர் மாற்றியது, பேனாவை யார் எடுத்துப் போனது வரைக்கும். எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"எதுக்குக்கா இதெல்லாம்?"

"நாளைக்கு எவனாவது வந்து இல்லைன்னு சாதிப்பான். அப்போ காட்டத்தான்."

சேர்ந்த இரண்டாவது மாதம், எக்ஸ்ரே பிரிவில் ஒரு பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அதன் ஹார்ட் டிஸ்கில் பழைய நோயாளிகளின் பதிவுகள் இருந்தன. எங்கே வைப்பது என்று மேனேஜர் கேட்டார். "டோக்கன் கவுண்டர் மெஷின்ல இடம் இருக்கு சார். ரெண்டாவது டிஸ்கா உள்ளேயே மாட்டிடறேன்" என்றேன். அரை மணி நேரத்தில் மாட்டியும் விட்டேன். "படிச்ச பையன்னா படிச்ச பையன்தான்" என்று மேனேஜர் தோளில் தட்டினார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அன்று சாயங்காலமே அப்பாவுக்கு போன் போட்டு அதைச் சொன்னேன்.

மறுநாள் காலையிலிருந்து அக்காவின் கம்ப்யூட்டர் எழுந்திருக்க அடம்பிடித்தது. ஸ்விட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் கம்பெனி முத்திரை மட்டும் வந்து நிற்கும். இருபது நிமிஷம் அப்படியே நிற்கும். அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி நாள் முழுக்க ஓடும். ராத்திரி எல்லா மெஷினையும் அணைத்துவிட வேண்டும் என்பது மேனேஜர் போட்ட உத்தரவு. காவலாளி ஆறு ஐம்பத்தைந்துக்கு முன்னால் அறைச் சாவியைத் தரமாட்டார். ஏழு மணிக்குக் கவுண்டர் திறக்க வேண்டும். கையால் எழுதி டோக்கன் கொடுக்கவும் கூடாது. ஆக, தினமும் ஏழே கால் வரைக்கும் காய்ச்சலும் இருமலுமாக நிற்கிற நாற்பது ஐம்பது பேர் அந்தக் கண்ணாடி முன்னால் அக்காவைக் காய்ச்சி எடுப்பார்கள்.

"என்னம்மா, தூக்கம் இன்னும் தெளியலையா?"

"கம்ப்யூட்டருக்கு ஒரு காபி வாங்கிக் குடும்மா, எழுந்திரிக்கும்."

"மொதல்ல நீங்க குடிங்க. அந்த நேரமாவது வாய் சும்மா இருக்கும்" என்பார் அக்கா. அப்படிச் சொன்னதற்கும் புகார்ப் பெட்டியில் தனியாக ஒரு சீட்டு விழும்.

முதல் வாரமே என்னிடம் வந்துவிட்டார். "தம்பி, நீங்க பெட்டியைத் திறந்து கையை வெச்ச மறுநாள்ல இருந்துதான் இப்படி."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லக்கா. மெஷினுக்கு வயசாயிடுச்சு. அதுல நீங்க ஒரே நேரத்துல பத்து ஃபைலைத் திறந்து வெக்கிறீங்க."

"காலையில போட்டவுடனே நான் எதைத் திறக்கறேன்? என் வாயைத்தான் திறக்கறேன்."

வைரஸ் தேடினேன். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். மெமரி கூட்டினேன். எதற்கும் அது மசியவில்லை. விண்டோஸ் வருவதற்கு முன்பே நின்றுபோகிற மெஷினில் விண்டோஸை மாற்றி என்ன ஆகப்போகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. யோசித்தால் அது என் கையில் வந்து முடியும் என்று உள்ளுக்குள் தெரிந்திருக்கும் போல. "உள்ளே டிக் டிக்னு ஏதோ தட்டுது தம்பி" என்றும் சொன்னார். "ஃபேன் சத்தம்கா" என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டு மாதத்தில் பதினான்கு புகார். அக்கா தாமதமாக வந்துவிட்டு மெஷின் மேல் பழி போடுகிறார் என்று மேனேஜர் முடிவே கட்டிவிட்டார். என்னிடம் அறிக்கை கேட்டார். "இயந்திரம் நல்ல நிலையில் உள்ளது. தாமதத்துக்குக் காரணம் பயன்படுத்துபவரின் கவனக்குறைவு" என்று எழுதி, கையெழுத்துக்குக் கீழே என் பட்டத்தையும் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் மதியம், கூட்டம் கலைந்த பிறகு மேனேஜர் அறையில் விசாரணை. என்னையும் கூப்பிட்டிருந்தார். வேலையிலிருந்து நீக்கும் உத்தரவு டைப் ஆகி மேஜை மேல் தயாராக இருந்தது. விசாரிப்பதற்கு முன்பே தயார். அக்கா அதைப் பார்த்தார். என் அறிக்கையையும் எடுத்துப் படித்தார். பிறகு நோட்டை மேஜையில் அடித்துத் திறந்தார். பேனா ஸ்டாண்டு சாய்ந்தது.

"படிங்க சார். உரக்கப் படிங்க."

மேனேஜர் படிக்கவில்லை. அக்காவே படித்தார். "ஒன்பதாம் தேதி, போட்டது ஆறு ஐம்பத்தஞ்சு, வந்தது ஆறு ஐம்பத்தாறு. பத்தாம் தேதியும் அதே. அன்னைக்கு மதியம் ரெண்டு மணிக்குக் கம்ப்யூட்டர் தம்பி பெட்டியைத் திறந்து புது டிஸ்க் மாட்டினார். பதினொண்ணாம் தேதி, போட்டது ஆறு ஐம்பத்தஞ்சு, வந்தது ஏழே கால். அதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் ஏழே கால்தான். ஒன்பது வருஷம் ஒழுங்கா வந்தவளுக்கு ஒரே ராத்திரியில கவனம் குறைஞ்சுடுச்சா?"

மேனேஜர் சாய்ந்த பேனா ஸ்டாண்டை நிமிர்த்தி வைத்தார்.

"இப்பவே வாங்க. அதைக் கழட்டிட்டுப் போட்டுப் பாருங்க. அப்பவும் இருபது நிமிஷம் ஆச்சுன்னா நானே கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

மூன்று பேரும் கவுண்டருக்குப் போனோம். மெஷினை அணைத்தேன். பெட்டியைத் திறந்து, நான் மாட்டிய டிஸ்கின் வயர்களை மட்டும் பிடுங்கினேன். ஸ்விட்சைப் போட்டேன். அக்கா சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது நொடி. திரை வந்துவிட்டது.

விஷயம் இவ்வளவுதான். மெஷின் எழும்போது உள்ளே இருக்கும் ஒவ்வொரு டிஸ்கையும் கூப்பிட்டுப் பார்க்கும். நான் மாட்டியது பாதி செத்த டிஸ்க். அது பதில் சொல்லாது. மெஷினும் இருபது நிமிஷம் விடாமல் கூப்பிட்டுவிட்டுத்தான் மேலே நகரும். மாட்டுவதற்கு முன்னால் அந்த டிஸ்கை நான் சோதித்தே பார்க்கவில்லை.

"சரி, சரியாயிடுச்சு இல்ல? விடுங்க. நாளையிலிருந்து நேரத்துக்கு வாங்க" என்றார் மேனேஜர்.

"நாளையிலிருந்தா? நான் என்னைக்கு சார் நேரம் தவறி வந்தேன்? மெஷின் சரியாயிடுச்சு. என் பேர்ல எழுதின பேப்பர் சரியாகலையே!"

"அதை நான் ஃபைல்ல வெக்க மாட்டேன்மா. வாயால சொல்றேன்ல."

"ரெண்டு மாசமா நானும் வாயாலதான் சார் சொன்னேன். உங்க காதுல ஏறுச்சா?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க படிப்பை நான் குறை சொல்லல தம்பி. எங்க வீட்லயும் ஒருத்தி படிக்கிறா. அவ படிச்சு முடிச்சிட்டு, கீழ இருக்கறவ சொல்றதைக் காதுல போட்டுக்காம இப்படி ஒரு பேப்பர் எழுதினா, செருப்பாலேயே அடிப்பேன். இந்த வேலை போனா அவ படிப்பும் போகும்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

மேனேஜர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "உன் வேலை இன்னும் நிரந்தரமாகல. அறிக்கையை மாத்தி எழுதறதுன்னா யோசிச்சு எழுது." அவர் தப்பித்துக்கொள்ள என்னைக் கேடயமாக முன்னால் நீட்டுகிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. தோளில் தட்டிய அதே கைதான்.

கவுண்டர் மேஜையிலேயே எழுதினேன். "பத்தாம் தேதி நான் மாட்டிய கூடுதல் ஹார்ட் டிஸ்க் பழுதானது. தாமதத்துக்கு அதுவே காரணம். ஊழியர் மீது எந்தத் தவறும் இல்லை. என் முந்தைய அறிக்கை தவறானது."

அக்கா வாங்கி இரண்டு முறை படித்தார்.

"பட்டம் போடலையே?"

"வேணாம்கா."

"போடுங்க. அப்போ போட்டீங்கல்ல?"

போட்டேன். அதில் ஒரு நகல் எடுத்து, நோட்டில் அந்தத் தேதிப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். மேனேஜர் நீக்க உத்தரவைக் கிழித்தார். மன்னிப்பு மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி, போய் வேலையைப் பாருங்க" என்றார் அக்கா. மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. என் வேலை ஆறு மாதம் தள்ளி நிரந்தரமானது. அக்காவின் மகள் படித்து முடித்து, இரண்டாவது மாடியில் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறாள். டோக்கன் அக்கா அதே கவுண்டரில்தான் இருக்கிறார். நோட்டு மட்டும் மூன்று மாறிவிட்டது. இன்று காலை பதிவு: போட்டது ஆறு ஐம்பத்தஞ்சு, வந்தது ஆறு ஐம்பத்தாறு.