பாண்டிச்சேரிக்கு என் சைக்கிளில் அவள்

சைக்கிள் சீட்டை யாரோ இறக்கியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ! மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான், சேலையூர் வீட்டில் இருப்பது நானும் என் மனைவியும்தான். நான் இறக்கவில்லை. என் முட்டியில் ஜவ்வு கிழிந்து, நீண்ட தூரம் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு நான் அந்தச் சைக்கிளின் பக்கமே போகவில்லை.

"சைக்கிள்ல கை வெச்சியா?" என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினேன்.

"சும்மா தூசி புடிச்சு நிக்குதேன்னு ராஜகீழ்ப்பாக்கம் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேங்க. இப்ப அதுக்கு என்ன?"

அதுக்கு என்னவா? அந்தச் சைக்கிளை நான் எத்தனை கடை ஏறி இறங்கி வாங்கினேன் என்று அவளுக்குத் தெரியும். மறைமலை நகரில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் செயினுக்கு எண்ணெய் போட்டவன் நான். என் முட்டி போனதும் சைக்கிளும் எனக்கில்லை என்று ஆகிவிடுமா? வாய்க்குள் முனகிக்கொண்டே சீட்டை மறுபடி என் உயரத்துக்கு ஏற்றி வைத்தேன். மறுநாள் பார்த்தால் இறங்கியிருந்தது. நான் ஏற்ற, அவள் இறக்க, இந்தக் கூத்து சில நாள் நடந்தது. அதற்குள் அவள் ராஜகீழ்ப்பாக்கத்தைத் தாண்டி மேடவாக்கம் போய்வர ஆரம்பித்திருந்தாள். அப்புறம் ஒரு சனிக்கிழமை காலையில் கோவளத்திலிருந்து கடலோடு செல்பி அனுப்பினாள். படத்தில் அவள் முகத்தில் வேர்வை, பல் தெரியும் சிரிப்பு. நான் கட்டிலில் முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தேன். வயிறு எரிந்தது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

இது அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், பையை வைத்த கையோடு, "நாங்க மூணு டீச்சர் பாண்டிச்சேரிக்குச் சைக்கிள்ல போலாம்னு இருக்கோம். உங்ககிட்ட பிளான் இருக்குல்ல, அதைக் கொஞ்சம் குடுங்களேன்" என்றாள். ஏதோ பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி தயிர் கேட்பது மாதிரிக் கேட்டாள்.

பிளான் இருந்தது. பீரோக் கதவின் உள்பக்கம் வரைபடமாக ஒட்டியிருந்தது. வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம்; அங்கே கடலைப் பிடித்துவிட்டால் பாண்டிச்சேரி வரைக்கும் விடக்கூடாது. வருஷா வருஷம் பொங்கல் கழிந்ததும் கிளம்புவதாக இருந்தேன். அப்போதுதான் வாடைக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும், வெயிலும் பல்லைக் காட்டாது. ஒரு வருஷம் ஆடிட், ஒரு வருஷம் மகனுக்குப் பரீட்சை, ஒரு வருஷம் மாமனாருக்கு உடம்பு சரியில்லை. மாமல்லபுரத்தைத் தாண்டி ஒருமுறைகூடச் சைக்கிளில் போனதில்லை. ஆனால் பாலாற்றுப் பாலத்தில் எந்தப் பக்கம் நின்றால் முகத்துவாரம் தெரியும், ஆலம்பரைக் கோட்டைக்கு எங்கே திரும்ப வேண்டும், மரக்காணம் உப்பளம் சாலைக்கு எவ்வளவு பக்கத்தில் வரும், எல்லாம் எனக்கு அத்துப்படி. 

"நான் போகாத இடத்துக்கு நீ போறியா?" என்று கேட்க நினைத்தேன். "எடுத்துக்கோ" என்றுதான் வாயில் வந்தது.

சனிக்கிழமை மதியம் மூன்று டீச்சர்களும் எங்கள் சாப்பாட்டு மேசையில் கூடினார்கள். என் மனைவி, பி.டி. டீச்சர், கணக்கு டீச்சர். வரைபடத்தைப் பிய்த்துக்கொண்டு வந்து விரித்து, நான் நின்றுகொண்டே விளக்கினேன். உள்ளுக்குள் எவ்வளவு எரிந்தாலும் விளக்குகிற சுகமே தனி. இங்கே டீ, இங்கே பாலத்தின் நடுவில் பத்து நிமிடம் ஓய்வு, இங்கே கோட்டை மதிலில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பாடு, இங்கே உப்பளத்து ஓரமாகக் கடைசி ஓய்வு.

பி.டி. டீச்சர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எல்லாம் சூப்பர் சார். இதுல பாத்ரூம் எங்க சார் வருது?" என்றார்.

"அதுக்கென்ன, வழி பூரா சவுக்குத் தோப்புதானே..." என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வையில் காதெல்லாம் சுட்டது. இத்தனை வருஷம் ராத்திரி பகலாகப் போட்ட திட்டத்தில், ஒரு பெண் ஒதுங்க ஓர் இடம்கூட இல்லை. 

என் மனைவி ரப்பரை எடுத்தாள். பாலத்தின் நடுவில் இருந்த வட்டம் போயிற்று. "இங்க நின்னு என்னங்க பண்றது? லாரிப் புகையைக் குடிக்கவா?" டீக்கடைகள், கோட்டை மதில், உப்பளம் எல்லாம் போயின. அவற்றுக்குப் பதில் சுத்தமான கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்க், கல்பாக்கத்தில் அவளோடு பி.எட். படித்தவளின் வீடு, மரக்காணத்துக்கு முன்னால் ஒரு சர்ச் என்று புது வட்டங்கள் வந்தன. அந்தப் பாஸ்டரின் மனைவிக்கு அங்கேயே போன் போட்டு, ஸ்தோத்திரம் சொல்லி, குடும்ப நலம் விசாரித்து, கதவு திறந்து வைப்பதாக வாக்கும் வாங்கிவிட்டாள். அந்தக் கடற்கரை முழுக்க அவளுக்கு ஆள் இருந்தது. எனக்கு வரைபடம் மட்டும்தான் இருந்தது.

கோவளத்தில் நிற்கவும் ஓர் இடம் வேண்டியிருந்தது. அதற்கும் ஆள் தெருவிலேயே வந்தது. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா கோவளத்துப் பக்கம்தான். சங்கராவை நறுக்கிக்கொண்டே விஷயத்தைக் கேட்டவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"அட, எங்க வூட்டாண்ட வந்துட்டுப் போ டீச்சர்! ரோட்டு மேலயே கீது வூடு. கக்கூஸும் கீது, நாஸ்டாவும் கீது. சைக்கிள்லயே பாண்டிக்கா? கில்லாடிதான் போ!" என்றவர் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். "இன்னா சார், நீ போவலியா? பொம்பளைங்கள அனுப்ச்சிட்டு நீ வூட்ல குந்திகினு இன்னா பண்ணப் போற?"

"முட்டி சரியில்லக்கா."

"அய்ய, பேஜார்தான்" என்று மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டார்.

அந்த எரிச்சலில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. சைக்கிளில் முடியாவிட்டால் என்ன, பின்னால் காரில் போகலாமே? கார் ஓட்ட முட்டி ஒன்றும் மறுக்காது. தண்ணீர், வாழைப்பழம், பஞ்சர் சாமான் எல்லாம் என்னிடம்தான் இருக்கும். நிற்க வேண்டுமென்றால் என்னிடம்தான் நிற்க வேண்டும். பாலாற்றுப் பாலத்தை நானும் பார்த்துவிடுவேன். அந்த வாரம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். காரைக் கழுவினேன். கறுப்பு உப்பும் எலுமிச்சம்பழமும் வாங்கினேன். சீட்டை அவள் உயரத்துக்கு நானே இறக்கிக்கூட வைத்தேன்.

கிளம்புவதற்கு முந்தைய மாலை அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க கார்ல வர வேணாம்ங்க."

"ஏன்?"

"வந்தா பின்னாடியே ஹாரன் அடிச்சுட்டு 'கியரை மாத்து, லெஃப்ட்ல போ, முதுகை வளைக்காதே'ன்னு உயிரை எடுப்பீங்க. நான் கடலைப் பாக்க மாட்டேன், கண்ணாடில உங்க மூஞ்சியத்தான் பாப்பேன். பி.டி. டீச்சர் வீட்டுக்காரர் பைக்ல வராரு. அவரு வாயே தொறக்க மாட்டாரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் சைக்கிள், என் வழி, நான் பார்த்துச் சொன்ன காற்று, ஊமை மாதிரி பின்னால் வருவதற்கு மட்டும் எவனோ ஒருத்தனா! "போ, யார் வேணாம்னது?" என்று டிவியைச் சத்தமாக வைத்தேன். என்ன ஓடியது என்று இன்றுவரை தெரியாது.

விடிவதற்கு முன்னால் கிளம்பிப் போனாள். போகிற இடத்தை எனக்குப் போனில் காட்டிக்கொண்டிருக்கும்படி செய்துவிட்டுத்தான் போனாள். அன்று காலை முழுக்க நான் பல் துலக்கும்போதும் அந்த நீலப் பொட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேளம்பாக்கம். கோவளம். மீன்கார அக்கா வீட்டில் நின்றது. மாமல்லபுரம் தாண்டியது, நான் தாண்டாத மாமல்லபுரம். உள்ளதைச் சொல்கிறேன், அவள் பாதியில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். விழக் கூடாது, அடிபடக் கூடாது. வெறுமனே களைத்துப்போய், "முடியலங்க, வாங்க" என்று எனக்கு போன் செய்ய வேண்டும். அவ்வளவுதான். கார்ச் சாவியை லுங்கி மடிப்பிலேயே செருகி வைத்திருந்தேன்.

மரக்காணத்தைத் தாண்டியதும் பொட்டு நின்றது. அந்த இடத்தில் வட்டம் எதுவும் கிடையாது. நின்றது நின்றபடியே இருந்தது. கார்ச் சாவியை உருவிக் கையில் எடுத்துவிட்டேன். பயத்திலா சந்தோஷத்திலா என்று கேட்காதீர்கள். போன் போட்டேன்.

"என்னாச்சு? முடியலியா? நான் வரட்டா?"

"முடியுதுங்க" என்றாள். மூச்சு வாங்கியது. "உப்பு அள்ளி அள்ளிக் குவிச்சு வெச்சிருக்காங்க. கண்ணு கூசுது. சும்மா நின்னு பாத்துட்டு இருக்கோம்."

என் உப்பளம். எனக்கு அடக்க முடியவில்லை.

"எனக்கு உன்னைப் பாத்தா பொறாமையா இருக்குடி. வயிறு எரியுது, தெரியுமா?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"தெரியும்ங்க. முட்டி நல்லா இருந்தப்ப ஞாயித்துக்கெழமையானா நீங்க சைக்கிளை எடுத்துட்டு கோவளம் கெளம்பிடுவீங்க. நான் புள்ளையக் குளிப்பாட்டி சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போவேன். வாசல்லயே பாஸ்டர் 'சார் வரலியாம்மா'ன்னு கேப்பாரு. உடம்பு சரியில்லன்னு பொய் சொல்லிட்டு உள்ள போய் உக்காருவேன். இந்நேரம் கடல் தெரிஞ்சிருக்கும், இந்நேரம் டீ குடிப்பாருன்னு நெனச்சுட்டே இருப்பேன். ஒரு பிரசங்கம் காதுல ஏறினதில்ல. உங்களுக்கு இன்னிக்கு ஒரு நாள்தானே எரியுது?"

அவளுக்குப் பின்னால் சைக்கிள் மணி அடித்தது.

"வெச்சிடறேங்க, அவங்க கெளம்பிட்டாங்க" என்று வைத்துவிட்டாள்.